வாயால் எழுதிய நாடகங்கள்

நேரடியாக நடித்து ஒளிபரப்பும் நாடகங்கள் ஓரிரவில் தோன்றி அன்றே மறைந்துபோவது வழக்கமாயிருந்த அமெரிக்கத் தொலைக்காட்சியின் ஆரம்ப நாட்களில், முப்பது வயதே நிரம்பிய ராட் செர்லிங் எழுதிய 'பேட்டர்ன்ஸ்', 1955 ஜனவரியில் அரங்கேறி, அது பெற்ற வரவேற்பின் காரணமாக அடுத்த மாதமே மறுபடியும் நடிக்கப்பெற்றது. பிலிப்பைன்ஸ் யுத்தத்தில் பாராசூட் படைவீரராய்க் காயமுற்றுத் திரும்பிய அவருக்குச் சொல்வதற்கு விஷயம் நிறைய இருந்தது. சொல்லவிடும் முதலாளிகள்தாம் இல்லை. மிசிசிப்பியில் எம்மெட் டில் என்னும் கறுப்பினச் சிறுவன் கொலையுண்ட செய்தியிலிருந்து 1956இல் அவர் அமைத்த நாடகத்தில், விளம்பரதாரர்களின் மனம் கோணாதிருக்கும்பொருட்டு, கதை நிகழும் ஊர் நியூ இங்கிலாந்துக்குப் பெயர்க்கப்பட்டது. தெற்கத்திய வாடை வீசக்கூடாதென்று கோகோ கோலா புட்டிகளும் அகற்றப்பட்டன! அந்த நிர்ப்பந்தத்திலிருந்து தப்பக் கண்ட உபாயமே, 1959 அக்டோபரில் தொடங்கிய 'ட்விலைட் ஸோன்' என்னும் அற்புதக் கதைத் தொடர்.

அத்தொடரின் 156 பகுதிகளில் 92ஐ அவர் ஒருவரே எழுதினார். இந்த அசுர வேகத்துக்கு ஒரு காரணம், பேனாவை ஒதுக்கிவிட்டு, ஒலிப்பதிவுக் கருவியின் முன் அமர்ந்து, எல்லாப் பாத்திரங்களையும் தாமே நடித்துப் பேசி, பிறரைக்கொண்டு தட்டச்சு செய்வித்த அவருடைய முறை. இதனால் வசனங்கள் நாவுக்கு இசைந்தன, நடிகர்கள் தடுமாறவில்லை. ஆனால் ஒரே வாயிலிருந்து பிறந்தமையால், வங்கிக் குமாஸ்தாவும் விண்வெளி வீரரும் கிழவரும், உணர்ச்சி மேலிடும் சந்தர்ப்பங்களில், செர்லிங்கைப் போலவே நீண்ட வாக்கியங்களில் பிரசங்கம் செய்யத் தலைப்பட்டனர்.

1960இல் வெளிவந்த மேப்பிள் தெருக் கதையை எடுத்துக்கொள்வோம். விளக்குகள் அணைகின்றன, ஒரு வீட்டுக்காரரின் கார் மட்டும் தானே உறுமுகிறது, அண்டை வீட்டார் ஒருவரையொருவர் சந்தேகித்துக் கொலைவரை போய்விடுகிறார்கள். இதுவரை காட்சியே யாவற்றையும் சொல்லிவிட்டது. எனினும், மலைமேல் நின்று பார்க்கும் வேற்றுக் கிரகத்தார் இருவர் இவையெல்லாம் தங்கள் சூழ்ச்சியே என்று வாய்விட்டு விளக்க, அதன்மேல் செர்லிங்கின் குரலும் எழுந்து தப்பெண்ணத்தின் கொடுமையை மறுபடி உபதேசிக்கிறது. எழுதுகிறவன் பார்ப்பவனின் புத்தியை நம்பாத இடம் இது. (கட்டுரையாளர்களுக்கும் இந்நோய் உண்டென்பதை மறுப்பதற்கில்லை.)

இதற்கு நேர்மாறாக, பாழடைந்த பண்ணைவீட்டில் தனித்திருக்கும் ஒரு பெண், குள்ளப் பகைவரோடு போராடும்போது ஒரு சொல்லும் பேசாத 'தி இன்வேடர்ஸ்', அத்தொடரின் மிகச் சிறந்த பகுதிகளுள் ஒன்று. அதை எழுதியவர் செர்லிங் அல்லர், ரிச்சர்டு மாதிசன். தம் இயல்புக்கு முற்றிலும் அந்நியமான அந்த மௌனத்தை ஏற்றுத் தம் தொடரில் இடமளித்தமையால், எழுத்தாளரான செர்லிங்கைக் காட்டிலும் தயாரிப்பாளரான செர்லிங்கே நுண்ணிய ரஸிகர் என்பது என் அபிப்பிராயம்.

எழுத்தாளருக்கும் தயாரிப்பாளருக்கும் உள்ள இவ்வேறுபாடு பின்னர் வேறு விதமாகப் புலப்பட்டது. 1970இல் தொடங்கிய 'நைட் கேலரி' என்னும் தொலைக்காட்சித் தொடரில் அவர் கதை எழுதினார், திரையில் தோன்றிக் கதைகளை அறிமுகமும் செய்தார். தேர்ந்தெடுக்கும் அதிகாரமோ பிறர் கையில் இருந்தது. தம் எழுத்துகள் திருத்தப்படுவதையும் திருப்பப்படுவதையும் கண்டு மனம் கசந்த அவர், தமக்கு உடன்பாடில்லாத கதைகளையும் தம் குரலாலேயே அறிமுகம் செய்ய நேர்ந்தது.