அண்டை வீட்டாரிடம் சுவிசேஷம்

பேருந்து நிலையத்தில் கைப்பிரதி நீட்டுகிறவர், ரயிலில் ஊர்ப்பேச்சாகத் தொடங்கிச் சிறிது நேரத்தில் இயேசுவிடம் வந்து சேர்கிறவர், மருத்துவமனையில் கட்டில் கட்டிலாக ஜெபிக்க வருகிறவர்: இவர்களைச் சந்திக்காதவர்கள் தமிழ்நாட்டில் குறைவு. போதகர் மட்டுமல்ல, ஒவ்வொரு விசுவாசியும் அன்றாட வாழ்வில் சாட்சி சொல்லக் கடமைப்பட்டவர் என்பது சபைகளின் போதனை. மத்தேயு சுவிசேஷத்தின் கடைசி வசனங்களை அதற்கு ஆதாரமாகக் காட்டுவார்கள்.

இந்தப் போதனையின் பலத்தைப் புரிந்துகொள்ள தோர்ணக்கல்லைப் பார்க்க வேண்டும். திருநெல்வேலிச் சீமை வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, தெலுங்கு கற்றுக்கொண்டு நிஜாம் ராஜ்யத்தின் தோர்ணக்கல்லுக்கு மிஷனெரியாகப் போனவர். 1912இல் தோர்ணக்கல் பேராயரானார். ஆங்கிலிக்கன் சபையில் அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர். அவருடைய மக்களில் பெரும்பாலோர் தீண்டாமைக்கு உள்ளான மாலா, மாதிகா சமூகத்துக் கூலிகள். எழுதப் படிக்கத் தெரியாத அவர்களையே சுவிசேஷம் சொல்லும் பொறுப்புக்கு உரியவர்களாக அசரியா நடத்தினார். யாரும் காது கொடுத்துக் கேட்காத ஒருவனிடம், உனக்கும் சொல்ல ஒரு செய்தி இருக்கிறது என்பது சின்ன விஷயமல்ல.

சேவை செய்யுங்கள், மதம் மாற அழைக்காதீர்கள் என்பது காந்தியின் நிலை. அவரும் அசரியாவும் இதில் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. காந்தி சொன்னதில் பாதி நியாயம் உண்டு. வாழ்க்கை பேசாத இடத்தில் வாய் பேசிப் பயனில்லை. ஆனால் பத்திரிகையும் மேடையும் கையில் இருந்தவர் அவர். மாதிகா கூலிக்கு இருந்தது வாய் ஒன்றுதான். அதையும் மூடிக்கொள் என்று சொல்வது எனக்கு ஒப்பவில்லை.

பழுது வேறிடத்தில் இருக்கிறது. 1910இல் எடின்பரோ மிஷனெரி மாநாட்டில் அசரியா வெள்ளைக்கார மிஷனெரிகளின் முகத்துக்கு நேரே ஒரு குறையைச் சொன்னார்: உங்கள் தியாகத்தை மதிக்கிறோம், நாங்கள் கேட்பது நட்பு. அன்று துரைமாரைச் சுட்ட அந்தச் சொல் இன்று நம் ஊர் ஊழியக்காரரையும் சுடும். கைப்பிரதி கொடுத்தவருக்கு வாங்கியவரின் பெயர் தெரியாது. எத்தனை பேரிடம் பேசினோம் என்ற கணக்கு மாதாந்தர அறிக்கைக்குப் போகும். அவர்கள் திருப்பி என்ன சொன்னார்கள் என்பது எங்கும் போகாது. கேட்கிறவரிடமிருந்து தனக்கும் கற்றுக்கொள்ள ஏதாவது இருக்கலாம் என்ற எண்ணமே வராத பேச்சு, எவ்வளவு பக்தியோடு பேசினாலும் துரைத்தனம்தான்.

இதைவிடக் கடுமையான பழுது, எழுந்து போக முடியாதவரிடம் பேசுவது. நோயாளி, மாணவர், கீழே வேலை பார்க்கிறவர் ஆகியோரின் தலையசைப்பைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. பேதுருவின் முதல் நிருபம் மூன்றாம் அதிகாரம், கேட்கிறவருக்குச் சாந்தத்தோடும் மரியாதையோடும் பதில் சொல்லச் சொல்கிறது. பதில் சொல்ல ஆயத்தமாக இருங்கள் என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு, கேட்கிறவர், சாந்தம் இரண்டையும் விட்டுவிடுகிறவர்களே அதிகம்.

வெளியே சாட்சி சொல்லும் சபைக்குள்ளே என்ன நடக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். அசரியா எடின்பரோவில் பேசிய அதே 1910இல்தான், அதே திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளம் கத்தோலிக்கத் தேவாலயத்தில் சாதிகளைப் பிரித்த சுவர் இடிக்கப்பட்டது. ஆனால் கல்லறைத் தோட்டங்களிலும் திருமணப் பேச்சிலும் சாதி இன்னும் சாகவில்லை. அயலார் கைப்பிரதியைவிட இதைத்தான் கவனமாகப் படிக்கிறார்கள்.

அரசியல் சட்டத்தின் 25ஆம் பிரிவு மதத்தைப் பரப்பும் உரிமையைத் தருகிறது. பிறரை மதம் மாற்றும் உரிமை அதில் அடங்காது என்று 1977இல் உச்ச நீதிமன்றம் கூறியது. சட்டத்தின் எல்லை அது. மரியாதையின் எல்லை அதற்கும் முன்னாலேயே வந்துவிடுகிறது. அழைக்காத நோயாளியின் கட்டிலருகே போய் நிற்கும் வழக்கத்தையாவது சபைகள் முதலில் கைவிடட்டும்.