துடைப்பம் இருக்கிறது, கை இல்லை

இங்கிலாந்துக் கிராமம் என்று தேடினால் வந்து விழுகிற புகைப்படங்களில் எனக்கு முதலில் உறுத்துவது, அவற்றில் ஆளே இல்லை என்பதுதான். தேன் நிறக் கல் வீடுகள், வளைந்துபோகும் சந்து, முடிவில் தேவாலயக் கோபுரம், மேலே அளவாக மேகம். மொத்த ஊரும் ஒரே நேரத்தில் எங்கேதான் போயிருக்கும்? யாரும் எங்கேயும் போகலை. எடுத்தவர் விடியற்காலையில் வந்திருப்பார், இல்லையென்றால் கடைசி ஆள் தெருமுனை தாண்டும்வரை பொறுமையாகக் காத்திருந்திருப்பார். மிஞ்சியதைக் கணினி அழித்துவிடும்.

இந்த வெறுமை ஒருகாலத்தில் கருவியின் போதாமையாக இருந்தது. வில்ட்ஷயரில் லேகாக் என்றொரு கிராமம். 1835 ஆகஸ்டில் வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் அங்கே தன் மாளிகையின் ஜன்னல் ஒன்றைக் காகித நெகட்டிவாகப் பதிவு செய்தார். இன்று மிஞ்சியிருக்கும் நெகட்டிவ்களில் அதுதான் மிகப் பழையது. தபால்தலை அளவுதான் இருக்கும். வெளிச்சம் பதிய நெடுநேரம் பிடித்ததால் அசைகிற எதுவும் அதில் தங்காது. பிறகு அவரது முறை வேகம் பெற்றது, அசையாமல் நிறுத்திவைத்த மனிதர்களும் படங்களுக்குள் வந்தார்கள். ஆனாலும் அவருடைய ஆகச் சிறந்த படம் 1844-இல் எடுத்த ‘திறந்த கதவு’தான் என்பேன். வாசலில் ஒரு துடைப்பம் சாய்ந்திருக்கிறது. பெருக்கிய கை இல்லை. படத்தின் அழகே அதுதான். எனக்கு அதில் உள்ள பிரச்சினையும் அதேதான்.

1944-இல் டால்பட் குடும்பத்தைச் சேர்ந்த மடில்டா டால்பட் மாளிகையையும் கிராமத்தையும் நேஷனல் டிரஸ்டுக்குக் கொடுத்தார். தெருக்கள் பழைய கோலத்திலேயே காக்கப்பட்டன. 1995-இல் பிபிசி எடுத்த ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ தொடருக்கு இந்த ஊர்தான் மெரிட்டன்; முதல் ஹாரி பாட்டர் படத்துக்கு மாளிகையின் தாழ்வாரங்கள் போயின. சர்ச் ஸ்ட்ரீட் முனையில் நிற்கும் செயிண்ட் சிரியாக் ஆலயத்தை இன்று யார் எடுத்தாலும் ஏற்கெனவே பார்த்த படம் மாதிரியே வருகிறது. இங்கே எடுத்தவரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஊரே ஃபிரேம் போட்டு நிற்கிறது.

இதற்கு எதிர்த்திசையில் வைத்து நான் பார்ப்பது ஜேம்ஸ் ராவிலியஸை. ஓவியர் எரிக் ராவிலியஸின் மகன். 1972-இல் வடக்கு டெவன் வட்டாரத்தின் வாழ்க்கையைப் பதிவு செய்யும் வேலையை பீஃபர்ட் கலை மையம் அவருக்குக் கொடுத்தது. கொஞ்ச நாள் வேலையாகத் தொடங்கியது பதினேழு ஆண்டுகள் நீண்டது. எடுத்தவை எழுபதாயிரத்துக்கும் மேல்.

டெவன் சந்துகளை எடுப்பது லேசில்லை. இருபுறமும் மண்கரை, அதன்மேல் வேலிப்புதர். பாதை பள்ளத்தில் கிடக்கும். தூரக்காட்சி என்று ஒன்று கிடைக்காது. சந்துக்குள் இறங்கினால் எதிரே வருகிறவரை நேருக்கு நேர் சந்தித்தே ஆகவேண்டும், அது மனிதரோ ஆட்டு மந்தையோ. ராவிலியஸின் சந்துகளில் அதனால்தானோ என்னவோ எப்போதும் யாராவது எதையாவது தூக்கிக்கொண்டு போகிறார்கள். 1975-இல் எடுத்த படமொன்றில் பக்கத்துப் பண்ணைக்காரர் தன் ஆடுகளுக்கு ஐவிக் கொடி கொண்டுபோகிறார். டால்பட்டின் வாசலில் காணாமல்போன கை இங்கே இருக்கு என்று எனக்குத் தோன்றும்.

அவர் பூச்சில்லாத பழைய லைக்கா லென்ஸ்களைத் தேடிப் பிடித்துப் பயன்படுத்தினார். பூச்சு இல்லாவிட்டால் ஒளி லென்ஸுக்குள் சிதறும். கறுப்பும் வெள்ளையும் முரட்டுத்தனமாக மோதாது, நிழலுக்குள்ளும் விவரம் தெரியும். சூரியனைப் பார்த்தே படம் எடுப்பது அவருக்குப் பிடிக்கும். எனக்குச் சங்கடம் தொடங்குவதும் இங்கேதான். எதிரொளியில் பனிமூட்டத்துக்கு நடுவே நிற்கிற ஒரு கிழவரின் முதுகு வலி படத்தில் பதியுமா? சேறு கூட வெள்ளியாய் மின்னுகிறதே! பழைய காலத்து ஏக்கம் என்று அவரை ஒதுக்குகிறவர்களுக்கு நான் முழுசா பதில் சொல்லிவிட முடியாது.

ஆனால் அவர்கள் நாலைந்து புகழ்பெற்ற படங்களை மட்டும் பார்த்துவிட்டுப் பேசுகிறார்கள். அந்தப் படங்களில் சில தேநீர்க் கோப்பையில் அச்சிடத் தோதானவைதான், மறுக்கவில்லை. பீஃபர்ட் தொகுப்பின் ஒரு பகுதி இப்போது இணையத்தில் கிடைக்கிறது. ஒருநாள் ராத்திரி உட்கார்ந்து வரிசையாகத் தள்ளிப் பாருங்கள். ஒளி சரியாக அமையாத, யாரும் சுவரில் மாட்டாத படங்கள்தான் அதிகம். அதே ஊர்கள், அதே முகங்கள், மறுபடி மறுபடி. முதல் முறை கேமராவைப் பார்த்து விறைக்கிறவர் ஐந்தாவது முறை கண்டுகொள்வதில்லை. ஒரு வார இறுதிக்கு வந்து தேவாலயத்தை எடுத்துப்போகிறவருக்கு அந்த ஐந்தாவது முறை கிடைக்காது. ராவிலியஸ் அந்த ஊர்க்காரர்களுக்கு நடுவிலேயே குடியிருந்தார்.