மங்களம் வரை கேட்க வேண்டுமானால்

சுமார் 20 வருஷங்களுக்கு முன்னால், வீடியோ காஸெட்டோடு மல்லாடிச் சலித்துப்போன குடும்பங்கள் சில, டிவிடி ரெக்கார்டர் என்னும் யந்திரத்தை வாங்கித் தொலைக்காட்சிப் பெட்டியின் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பொதிகையிலும் ஏனைய சானல்களிலும் வந்த மார்கழிக் கச்சேரிகளையும் நாடகங்களையும் வெற்று வட்டுகளில் பிடித்து, உறையின் மேல் வித்வானின் பெயரையும் தேதியையும் எழுதி அலமாரியில் அடுக்கி வைத்தன. இன்று அந்த யந்திரங்களிற் பல பழுதாகிப் பரணில் கிடக்கின்றன. புதிதாக வரும் மடிக்கணினிகளில் வட்டுப் போடுவதற்கு இடமே கிடையாது. பொதிகை என்ற பெயரும் 2024ஆம் வருஷத்தோடு டிடி தமிழ் என்று மாறிவிட்டது. ஆகவே, யூ.எஸ்.பி. மூலம் இணைக்கும் ஒரு டிவிடி டிரைவை வாங்கி, மிச்சமிருக்கும் வட்டுகளைக் கணினிக்கு மாற்றிவிடுவது என்று யாரேனும் சங்கற்பித்துக்கொண்டால் அது காலத்திற்கேற்ற காரியமே. அதற்கு உபயோகமாகும் சில மென்பொருள்களைக் கச்சேரி வட்டுகளைக் கொண்டே பரீட்சித்துப் பார்த்தேன்.

முதலில் வட்டுக்குள் என்ன இருக்கிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும். 4.7 ஜி.பி. கொள்ளும் ஒரு வட்டில், எஸ்.பி. என்னும் சாதாரண முறையில் பதிந்தால் இரண்டு மணி நேரமும், எல்.பி. முறையில் நான்கு மணி நேரமும் அடங்கும். சிக்கனத்தை உத்தேசித்து எல்.பி.யில் பதிந்தவர்களுக்கு, 720 புள்ளி அகலமிருக்க வேண்டிய படத்தை அநேக யந்திரங்கள் 352 புள்ளியாகக் குறுக்கிவிட்டன என்பது பெரிய திரையில் போட்டுப் பார்க்கும்போதுதான் தெரியவரும். பதிவு முழுவதும் எம்பெக்-2 என்னும் ரூபத்தில், ஒரு ஜி.பி.க்கு மேற்படாத விஓபி ஃபைல்களாக நறுக்கப்பட்டு, வீடியோ_டிஎஸ் என்ற ஃபோல்டருக்குள் கிடக்கிறது. நறுக்கு விழும் இடத்துக்கும் சங்கீதத்துக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லாமையால், அந்த ஃபைல்களை அப்படியே இழுத்து ஹார்ட் டிஸ்கில் போட்டுக்கொள்பவர், காம்போதி ஆலாபனையின் பாதியை ஒரு ஃபைலிலும் மறு பாதியை இன்னொன்றிலும் தேடும்படி நேரும். கடையில் விற்கும் சினிமா வட்டுகளில் உள்ள பூட்டு ஒன்றும் இவற்றில் இல்லை என்பது ஒரு சௌகரியம்.

இந்தக் காரியத்துக்கென்று நான் முதலாவதாகச் சிபாரிசு செய்வது மேக்எம்கேவி. இது படத்தையோ ஒலியையோ தொடுவதே இல்லை. ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொரு பாத்திரத்துக்குப் பாலை ஊற்றுவது போல, நறுக்குண்டு கிடந்த விஓபிகளைச் சேர்த்து, ஒரு பதிவுக்கு ஓர் எம்கேவி ஃபைல் என்ற கணக்கில், அத்தியாயக் குறிகளையும் விடாமல் எடுத்து வைக்கிறது. வட்டைப் போட்டு, பெரிய டிரைவ் படத்தின் மேல் கிளிக் செய்தால், உள்ளே இருக்கும் பதிவுகள் நீளத்தோடும் அளவோடும் வரிசையாக வந்து நிற்கின்றன. வேண்டியதற்கு டிக் போட்டுச் சேமிக்கச் சொல்வதோடு நம்முடைய வேலை தீர்ந்தது. வட்டு நல்ல நிலையில் இருந்தால் காப்பி குடித்து வருவதற்குள் முடிந்துவிடுகிறது. முகப்பு அழகாக இருக்கிறது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அழகு இதற்குத் தேவையும் இல்லை. ஒரு விஷயத்தில் மட்டும் ஜாக்கிரதை வேண்டும்: 120 வினாடிக்குக் குறைந்த துண்டுகளை அது பட்டியலில் காட்டாமல் தள்ளிவிடும் வழக்கம் உடையது. வீட்டுக் குழந்தை ஒரு நிமிஷம் திரையில் தோன்றிய நிகழ்ச்சித் துணுக்கை யாராவது பதிந்து வைத்திருந்தால், அமைப்புகளுக்குள் போய் அந்த எண்ணைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

ஹேண்ட்பிரேக் என்பது வேறு ஜாதி. 2003இல் தொடங்கி, பதின்மூன்று வருஷங்களுக்கு மேல் பரீட்சார்த்த நிலையிலேயே இருந்து, 2016 டிசம்பரில்தான் 1.0 என்ற எண்ணை எட்டிய இந்த மென்பொருள், படத்தை எடுத்து வைப்பதோடு நில்லாமல், அதைப் புதிதாக ஆக்கி எழுதுகிறது. அதனால் நான்கு ஜி.பி. கச்சேரி பாதிக்கும் கீழே இறங்கிவிடும். செல்போனிலும் தடையின்றி ஓடும். ஆனால் பழைய தொலைக்காட்சிப் படத்துக்கு ஒரு விசேஷ குணம் உண்டு. நம் நாட்டில் வழங்கிய பால் (PAL) என்னும் தொலைக்காட்சி முறையில், வினாடிக்கு 25 ஃபிரேம்கள் என்று கணக்கிருந்தாலும், ஒவ்வொரு ஃபிரேமும் ஒற்றைப்படை வரிகளாகவும் இரட்டைப்படை வரிகளாகவும் பிரிந்து, ஐம்பதில் ஒரு வினாடி இடைவெளியில் எடுக்கப்பட்ட இரண்டு பாதிகளைக் கொண்டது. அசையாமல் அமர்ந்திருக்கும் தம்பூராக்காரரிடம் இதனால் ஒரு குறையும் தெரியாது. தனி ஆவர்த்தனத்தில் மிருதங்க வித்வானின் விரல்களைக் கணினித் திரையில் நிறுத்திப் பாருங்கள், விரலின் ஓரமெல்லாம் பல் பல்லாகப் பிசிறிட்டு நிற்கும். இதைச் சீர்செய்யும் வடிகட்டி ஹேண்ட்பிரேக்கில் உண்டு. சாதாரணமாக விட்டுவிட்டால் பிசிறு போகிறது, கூடவே அசைவின் பாதியும் போய், ஃபரன்கள் என்னும் துரித அடிகள் விழும் வேகத்தில் விரல்கள் தத்தித் தத்தி நடக்கின்றன. பாப் என்னும் வகையைத் தேர்ந்தெடுத்து, ஃபிரேம் வேகத்தையும் 50 என்று குறித்துவிட்டால், இரண்டு பாதிகளும் தனித்தனி ஃபிரேம்களாகி, அன்று தொலைக்காட்சியில் கண்ட அதே லாகவம் திரும்பக் கிடைக்கிறது. தரத்துக்கான ஆர்.எஃப். எண்ணை 18க்கும் 22க்கும் இடையில் வைப்பது உசிதம்; ஒலியை மறுபடி ஆக்காமல் உள்ளபடியே விடச் சொல்லும் வசதியைச் சங்கீதத்துக்கு அவசியம் உபயோகிக்க வேண்டும்.

இவ்வளவு சாமர்த்தியம் இருந்தும், ஹேண்ட்பிரேக்கை நேரே வட்டின் மேல் ஏவுவதை நான் ஒப்புவதில்லை. ஒருமுறை சுருக்கியதை மறுபடி விரிக்க முடியாது, 1 டி.பி. ஹார்ட் டிஸ்கில் இத்தகைய முழு வட்டுகள் இருநூறுக்கு மேல் கொள்ளும் இந்நாளில், மூலத்தைச் சுருக்கித்தான் வைக்க வேண்டும் என்ற நிர்ப்பந்தமும் இல்லை. மேக்எம்கேவி தந்த ஃபைலை மூலமாக வைத்துக்கொண்டு, பேரனுக்கு அனுப்பவோ ரயிலில் பார்க்கவோ ஒரு சிறு பிரதி வேண்டுமென்றால் அப்போது ஹேண்ட்பிரேக்கை அழைக்கலாம்.

கெட்டுப்போன வட்டு வந்தால் இவ்விரண்டும் கைவிரித்துவிடும். டிவிடி வட்டு உள்வட்டத்திலிருந்து வெளிவட்டத்தை நோக்கிப் பதியப்படுவது. விரல் படுவதும், உறையில் உரசுவதும், வெயிலும் ஈரமும் சாயத்தைத் தின்னத் தொடங்குவதும் பெரும்பாலும் வெளி விளிம்பில். நிறையப் பதிந்த ஒரு கச்சேரி வட்டில் வர்ணமும் பிரதான ராகமும் சேதமின்றிக் கிடைக்க, துக்கடாக்களில் படம் கட்டம் கட்டமாக உடைந்து, மங்களம் அறவே வராமற் போவது இதனாலேதான். இத்தகைய வட்டுக்கு லினக்ஸில் இயங்கும் டிடிரெஸ்க்யூவைப் போன்ற உபகாரி வேறில்லை. கறுப்புத் திரையில் கட்டளை எழுதத் தெரிந்தவர்களுக்கே அது வசப்படும் என்றாலும், வேலை செய்யும் விதம் மிகவும் விவேகமானது: சிக்கலான இடத்தில் முட்டி மோதிக்கொண்டு நிற்காமல், முதலில் நல்ல பகுதிகளையெல்லாம் வாரிக்கொண்டு, கெட்ட இடங்களை ஒரு குறிப்பு ஃபைலில் எழுதி வைத்து, பிறகு அவற்றுக்கு மட்டும் திரும்பி வருகிறது. அந்தக் குறிப்பு இருப்பதால், ஒரு டிரைவ் படிக்க மறுத்த இடத்தை வேறொரு டிரைவில் போட்டு, விட்ட இடத்திலிருந்து தொடரலாம்; ஒரு டிரைவின் கண்ணுக்குப் படாதது மற்றொன்றுக்குப் படுவது சகஜம். கிடைத்த முழு வட்டின் பிரதியை மேக்எம்கேவி நேராகவே திறந்துகொள்கிறது.

கடைசியாக, கணினியில் போட்டால் வெற்று வட்டு என்று காட்டும் ரகம் ஒன்று உண்டு. பதிந்தவர் ஃபைனலைஸ் என்னும் இறுதிச் சடங்கைச் செய்யாமல் விட்டிருப்பார். பதிந்த யந்திரம் உயிரோடிருந்தால் அதிலேயே போட்டு அந்தச் சடங்கை முடிப்பதுதான் உத்தமம். இல்லையேல், விண்டோஸில் இயங்கும் ஐசோபஸ்டர், வட்டைத் துழாவிப் பதிவுகளைக் கண்டெடுத்துத் தருகிறது. ஆனால் பணம் கொடுத்து உரிமம் பெற வேண்டும். விஓபி ஃபைல்களாக அல்லாமல் வி.ஆர். என்னும் வேறு முறையில் பதிந்த வட்டு, ஃபைனலைஸ் செய்ததாயின், அதற்கு இத்தனை செலவு வேண்டாம். டிவிடி_ஆர்டிஏவி என்ற ஃபோல்டரில் உள்ள விஆர்ஓ ஃபைலை நகலெடுத்து, பின்னொட்டை எம்.பி.ஜி. என்று மாற்றினால் வி.எல்.சி. என்னும் பிளேயரில் ஓடுகிறது. எல்லா நிகழ்ச்சிகளும் ஒரே நீளமாக ஒட்டிக்கொண்டுதான் வரும். வெட்டிப் பிரித்துக்கொள்ளப் பொறுமை உள்ளவர்களுக்கு அது பாதகமில்லை. ஐசோபஸ்டரை வாங்குமுன், எத்தனை வட்டுகள் உண்மையிலேயே ஃபைனலைஸ் ஆகாதவை என்று எண்ணிப் பார்த்துக்கொள்வது நலம். ஒன்றிரண்டுதான் என்றால், அதே கம்பெனியின் ரெக்கார்டர் தெரிந்தவர் வீட்டில் எங்கேனும் ஓடிக்கொண்டிருக்கிறதா என்று விசாரிப்பது சிக்கனமானது.