அவளுக்கா, அவைக்கா?

கல்லூரி ஆசிரியைகளுக்கான தலைமைப் பண்புப் பயிற்சி ஒன்றில் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன். நாற்பது பேர் வந்திருந்தோம். ஆளுக்கொரு கோப்பும் பேனாவும் வழவழப்பான தாளில் அச்சிட்ட ஒரு பட்டியலும் கொடுத்தார்கள். தலைமைக்கு வர விரும்பும் பெண்ணுக்கு அதில் பன்னிரண்டு குறிப்புகள் இருந்தன. குரலைத் தாழ்த்திப் பேசுங்கள். வாக்கியத்தின் முடிவில் சுருதி ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எடுத்ததற்கெல்லாம் 'சாரி' சொல்லாதீர்கள். எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்த்துப் பேசுங்கள். கூட்டத்தில் கண் கலங்காதீர்கள். பன்னிரண்டு குறிப்புகளிலும் பெண்ணின் உடலும் குரலும் இருந்தன. கூட்டத்தை எத்தனை மணிக்கு வைக்கிறார்கள், நிகழ்ச்சி நிரலை யார் எழுதுகிறார்கள், யார் பேசினால் குறிப்பேட்டில் ஏறுகிறது என்பது பற்றி ஒரு வரியும் இல்லை.

இரண்டாம் நாள் மதியம் மூத்த ஆசிரியை ஒருவர் எழுந்தார். "மீட்டிங்ல நான் ஒரு யோசனை சொல்றேன் சார். யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கிறதில்ல. பத்து நிமிஷம் கழிச்சு அதையே வேறொரு சார் சொல்றார். உடனே எல்லாரும் தலையாட்டுறாங்க. இதுக்கு நான் என்ன பயிற்சி எடுக்கணும்?" அறையே சிரித்தது. சிரித்த ஒவ்வொருத்திக்கும் அது நடந்திருக்கிறது. பயிற்சியாளர் நல்ல மனிதர்தான். சற்று யோசித்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் அசர்டிவா சொல்லிப் பாருங்க மேடம்" என்றார்.

1988இல் இங்கிலாந்தின் 'பஞ்ச்' இதழில் ரியானா டங்கன் வரைந்த கேலிச்சித்திரம் ஒன்று உண்டு. மேசையைச் சுற்றி ஆண்கள் அமர்ந்திருக்க, நடுவில் ஒரே ஒரு பெண். அவள் நல்ல யோசனை சொல்லியிருப்பதாகப் பாராட்டும் கூட்டத் தலைவர், அதை இங்குள்ள ஆண்களில் ஒருவர் சொல்ல விரும்பக்கூடும் என்கிறார். வேறொரு நாட்டில் முப்பதாண்டுகளுக்கு முன்பே சித்திரமாகிவிட்ட ஒன்று நம் ஊர்க் கல்லூரியிலும் நடக்கிறதென்றால், கோளாறு அந்த ஆசிரியையின் குரலில் இருக்க முடியாது. பயிற்சி அவளுக்குத் தேவையா, அவள் பேசும் அவைக்குத் தேவையா என்ற கேள்வி எனக்கு அங்கேதான் பிறந்தது.

தமிழில் நடக்கும் இத்தகைய பயிற்சிகளில் திருக்குறள் தவறாமல் திரையில் வரும். தெரிந்துவினையாடல், சொல்வன்மை, அவையறிதல், அவையஞ்சாமை ஆகிய அதிகாரங்களை வள்ளுவர் தந்த மேலாண்மைப் பாடமாக விளக்குவார்கள். குறளை நானும் ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறேன். அதன் நுட்பத்தில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இவை எல்லாம் அமைந்திருக்கும் அதே பொருட்பாலில்தான் 91ஆவது அதிகாரமாகப் 'பெண்வழிச்சேறல்' இருக்கிறது. மனைவியின் சொல் கேட்டு நடப்பவன் பெரிய காரியங்களுக்கு உதவான் என்று எச்சரிக்கும் அதிகாரம் அது. அவைக்கு அஞ்சுபவனின் கல்வியை, போர்க்களத்தில் பேடியின் கையிலிருக்கும் வாளோடு ஒப்பிடும் குறளும் அவையஞ்சாமையில்தான் வருகிறது. அச்சத்துக்கு உவமை தேடும்போது ஆண்மை குறைந்த உடல் என்று சமூகம் கருதிய உடலே கிடைத்திருக்கிறது. வள்ளுவரை இதற்காகக் கூண்டில் ஏற்றச் சொல்லவில்லை. பெண்களுக்கான பயிற்சியில் ஓர் அதிகாரத்தைத் திரையில் காட்டி இன்னொன்றை மறைக்கும்போது, அந்த அவை யாருக்காகக் கட்டப்பட்டது என்ற வரலாறும் சேர்ந்து மறைந்துபோகிறது என்கிறேன்.

அந்தப் பன்னிரண்டு குறிப்புகளை வைத்துக்கொண்டு சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையைப் படித்துப் பாருங்கள். பாண்டியன் அவைக்கு வரும் கண்ணகி எல்லாக் குறிப்பிலும் தோற்றுப்போவாள். விரிந்த கூந்தலும் கண்ணீருமாக வருகிறாள். குரலைத் தாழ்த்தவில்லை. அரசனுக்குரிய மரியாதையையும் கொடுக்கவில்லை. ஆனாலும் அவளுடைய வழக்கு வென்றது. வாயிற்காவலன் அவளைத் திருப்பி அனுப்பவில்லை. அரசன் யார் நீ என்று கேட்டான். சிலம்பைக் கொண்டுவரச் செய்தான். உடைந்த சிலம்பிலிருந்து முத்துக்குப் பதில் மாணிக்கம் தெறித்தபோது தன் பிழையை ஒப்புக்கொண்டான். கண்ணகியைக் கற்பின் சிலையாக்கியதில் நமக்கெல்லாம் தீராத வழக்கு உண்டு. அதைத் தள்ளிவைத்துவிட்டுப் பார்த்தால், கோபமாக அழுதுகொண்டு வந்த ஒரு பெண்ணின் சான்றை அவளுடைய தோற்றத்திலிருந்து பிரித்துச் சோதித்த அவை ஒன்று அங்கே தெரிகிறது. அவள் கணவனின் உயிர் போன பிறகே அந்த அவை கேட்டது என்பதையும் மறக்க வேண்டாம்.

குரல் மாற்றும் பயிற்சி புதிதல்ல. 1975இல் கன்சர்வேடிவ் கட்சியின் தலைவரான மார்கரெட் தாட்சர், குரலைத் தாழ்த்துவதற்காகவே பயிற்சி எடுத்துக்கொண்டார். பிரதமரும் ஆனார். பயிற்சி பலித்தது என்று இதைச் சொல்லலாம். பலித்தது அவருக்கு மட்டும்தான். அதிகாரத்தின் குரல் தாழ்ந்த குரல்தான் என்ற எண்ணம் அதனால் இன்னும் உறுதிப்பட்டது. அடுத்து வந்த பெண்ணும் அதே பயிற்சிக்குப் போக வேண்டியதாயிற்று.

இந்த இடத்தில் ரோசபெத் மாஸ் கான்டர் 1977இல் வெளியிட்ட ஆய்வு நமக்கு உதவும். ஒரு பெரிய அமெரிக்க நிறுவனத்துக்கு 'இண்ட்ஸ்கோ' என்று புனைபெயர் வைத்து, அங்கே ஆண்களும் பெண்களும் எப்படி வேலை செய்கிறார்கள் என்று அவர் பார்த்தார். பெண் அதிகாரிகள் சிறிய விஷயங்களைப் பிடித்துத் தொங்குவார்கள், விதியை விட்டு நகர மாட்டார்கள் என்ற புகார் அங்கும் இருந்தது. இது பெண்ணின் இயல்பு அல்ல, பொறுப்பு மட்டும் கொடுத்து அதிகாரம் கொடுக்கப்படாத எவருக்கும் வரும் நடத்தை என்றார் கான்டர். கையில் விதிப்புத்தகத்தைத் தவிர வேறெதுவும் இல்லாதவர் அதைத்தானே பிடித்துக்கொள்வார்? எண்ணிக்கையைப் பற்றியும் அவர் பேசினார். ஒரு குழுவில் பெண்கள் நூற்றுக்குப் பதினைந்து பேருக்கு மேல் இல்லையென்றால் அவர்கள் தனி மனிதர்களாகப் பார்க்கப்படுவதில்லை. தம் இனத்தின் மாதிரிகளாகவே நிற்கிறார்கள். ஒருத்தி தவறினால் பெண்களே இப்படித்தான் என்றாகிவிடும்.

அரை நூற்றாண்டு ஆகப்போகிறது. ஆனால் 2013இல் ஷெரில் சாண்ட்பெர்க் எழுதிய 'லீன் இன்' உலகெங்கும் விற்றபோது, பேச்சு மறுபடியும் பெண்ணின் தன்னம்பிக்கைக்கே திரும்பியது. வெளியே இருக்கும் தடைகளை அவர் மறுக்கவில்லை. எனினும் மேசையில் முன்வந்து உட்காரும்படி பெண்ணுக்குத்தான் அறிவுரை. பெல் ஹூக்ஸ் அதே ஆண்டு இதை விமர்சித்தார். இனமும் வர்க்கமும் ஒரு பெண்ணை எங்கே நிறுத்துகின்றன என்பதைத் தொடாத பெண்ணியம் இது என்பது அவருடைய மறுப்பின் சாரம்.

நம் ஊரில் அந்தப் பட்டியலில் சாதியையும் சேர்க்க வேண்டும். 2020 அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சியிலிருந்து ஒரு புகைப்படம் வெளியானது. மற்றவர்கள் நாற்காலிகளில் இருக்க, தேர்ந்தெடுக்கப்பட்ட தலித் பெண் தலைவர் தரையில் அமர்ந்திருந்தார். 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்து உள்ளாட்சியில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் கொடுத்தது. தமிழ்நாடு 2016இல் அதைப் பாதியாக உயர்த்தியது. இடமும் சட்டமும் இருந்தும் நாற்காலி கிடைக்கவில்லை. தன்னம்பிக்கைப் பயிற்சியின் எந்த அமர்வு அவருக்கு அந்த நாற்காலியை வாங்கிக் கொடுத்திருக்கும்? அவரைத் தரையில் உட்காரவைத்துவிட்டு நாற்காலியில் இயல்பாக உட்கார்ந்திருந்தவர்களை யாரும் எந்தப் பயிற்சிக்கும் அழைத்ததாகத் தெரியவில்லை. வழக்குதான் அங்கே பேச வேண்டியிருந்தது.

இதையெல்லாம் நான் வெளியே நின்று சொல்ல முடியாது. துறைத் தலைவர் பொறுப்பு என்னிடம் இருந்த காலத்தில் புதிதாக வந்த ஓர் இளம் ஆசிரியை கூட்டங்களில் படபடவென்று பேசுவார். தேர்வுப் பணிப் பங்கீடு நியாயமாக இல்லை என்று ஒருநாள் உரக்கச் சொன்னார். அவர் சொன்னது சரி. கூட்டம் முடிந்ததும் அவரைத் தனியாக அழைத்து, "சொல்றது சரிதாம்மா, சொல்ற விதத்தை மாத்திக்கோங்க. அப்பதான் எடுபடும்" என்றேன். அக்கறையோடுதான் சொன்னேன். எனக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். அதற்குப் பிறகு அவர் விதத்தை மாற்றவில்லை; பேசுவதையே விட்டுவிட்டார். பணிப் பங்கீடு அப்படியே இருந்தது. அதை மாற்றும் அதிகாரம் அன்று அந்த அறையில் எனக்குத்தான் இருந்தது. பங்கீட்டுத் தாளைத் திருத்துவதற்குப் பதிலாக அவருடைய தொனியைத் திருத்தப் போனேன். அந்தப் பன்னிரண்டு குறிப்புகளைக் கையில் வாங்கியபோது நான் சிரிக்காததற்கு இதுதான் காரணம். அவற்றில் பாதியை நானே ஒருத்தியிடம் சொல்லியிருந்தேன்.

அப்படியானால் பயிற்சியே வேண்டாமா என்று மாணவிகள் கேட்பார்கள். வேண்டும். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டுவதையும் சேர்த்தார். அங்கன்வாடி ஊழியர்கள், கல்குவாரித் தொழிலாளிகள், கிராமச் செவிலியர்கள் என்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் ஓட்டக் கற்றதாக பி. சாய்நாத் எழுதினார். பெண்கள் சைக்கிள் போதாமல் ஆண்கள் சைக்கிளிலும் ஏறினார்கள். முன்கம்பியில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்று அதை விரும்பியவர்களும் இருந்தார்கள். கேலி பேசியவர்களும் இல்லாமல் இல்லை. அந்தப் பயிற்சி யாருடைய நடையையும் குரலையும் திருத்தவில்லை. பேருந்துக்கும் கணவனுக்கும் அண்ணனுக்கும் காத்திருக்கும் நேரத்தை அவர்களிடம் திருப்பிக் கொடுத்தது. ஒருத்தியாக அல்லாமல் ஊராகச் சேர்ந்து ஓட்டியதால், பார்க்கிறவர்களின் கண்ணும் பழக வேண்டியதாயிற்று.

பணியிடப் பயிற்சியிலும் இதற்கு வழி இருக்கிறது. வரவுசெலவுக் கணக்கைப் படிக்கவும், பணி விதிகளை எடுத்துக்காட்டவும், தன் மறுப்பைக் கூட்டக் குறிப்பில் பதிவுசெய்யக் கேட்கவும் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கலாம். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013இல் வந்தது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு வேண்டும். மூத்த பெண் ஊழியர் ஒருவர் அதற்குத் தலைமை ஏற்க வேண்டும். குழுவில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது அது. சட்டமே உருவாக்கிய இந்தத் தலைமைக்கு ஒரு பெண்ணை ஆயத்தப்படுத்துவது, சாட்சியம் கேட்கவும் அறிக்கை எழுதவும் மேலிடத்து நெருக்கடியைத் தாங்கவும் பழக்குவது உருப்படியான பயிற்சி. அந்த இரண்டு நாளில் இது பற்றிப் பேசவே இல்லை.

மறுபுறம், அவைக்குத் தலைமை தாங்குபவர்களையும் இரண்டு நாள் உட்காரவைக்க வேண்டும். யோசனையை யார் முதலில் சொன்னாரோ அவர் பெயரில் குறிப்பது, இடைமறிப்பவரை நிறுத்துவது, வீட்டுக்குப் போகும் பேருந்து கிளம்பும் நேரத்தில் கூட்டம் வைக்காமல் இருப்பது எல்லாம் கற்றுக்கொள்ளக்கூடிய திறன்கள்தான். இதற்கும் ஒரு குறள் அதிகாரம் வேண்டும் என்றால், 42ஆவது அதிகாரம் 'கேள்வி' இருக்கிறது. கற்றவர் சொல்லைச் செவிகொடுத்துக் கேட்பதைச் செல்வம் என்று சொல்லும் அதிகாரம் அது. அந்தக் கற்றவர் ஒரு பெண்ணாகவும் இருக்கலாம் என்று சேர்த்து நடத்தினால் போதும்.

அந்த இளம் ஆசிரியை இப்போது வேறு கல்லூரியில் இருக்கிறார். சென்ற ஆண்டு ஒரு கருத்தரங்கில் பார்த்தேன். அன்று நான் செய்தது தவறு என்று அவரிடம் சொன்னேன். "இப்ப மறுபடி பேச ஆரம்பிச்சுட்டேன் மேடம்" என்றார். குரல் அப்படியேதான் இருந்தது.