ஆறுக்குப் பன்னிரண்டு

அமெரிக்கச் சாலைகளில் பிக்கப் வண்டியின் பின்னால் ஓடிவரும் மூடிய டிரெய்லரைக் கண்டால் என் கண் முதலில் கதவுக்குத்தான் போகும். தச்சுவேலைக்காரர் என்றால் இரட்டைக் கதவு. மோட்டார் சைக்கிளோடு ஊர் சுற்றுகிறவர் என்றால், கீழே சாய்ந்து சரிவுப்பாதையாகிவிடும் ஒற்றைக் கதவு. நான் சொல்வது ஆறடி அகலம், பன்னிரண்டடி நீளமுள்ள டிரெய்லர். ஒரு சின்னப் பட்டறையே அதற்குள் அடங்கிவிடும்.

வாங்கப்போகிறவர் பளபளக்கும் தகட்டை விட்டுவிட்டு அடியில் குனிந்து பார்க்க வேண்டும். தரையைத் தாங்கும் குறுக்குச் சட்டங்கள் 16 அங்குலத்துக்கு ஒன்றாக இருந்தால் கனத்த இயந்திரத்தையும் நம்பி ஏற்றலாம். 24 என்றால் நான் தயங்குவேன். கூரை ஒரே தகடாக இருக்கட்டும். மழை ஒட்டுகளில்தான் வழி தேடும்.

எனக்கு மிகப் பிடித்தது அதன் எடைக் கணக்கு. ஏற்றிய மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இணைப்புக் கொக்கியின்மேல் அழுந்த வேண்டும். பாரம் பின்னால் குவிந்தால் வேகத்தில் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும். இழுக்கும் வண்டியையே புரட்டிவிடவும் கூடும். நம் மாட்டுவண்டிக்காரர்கள் முன்பாரம் பின்பாரம் பார்த்து மூட்டை அடுக்கிய அதே கைப்பழக்கம்! கனமானதை அச்சுக்குச் சற்று முன்னே வைத்துப் பட்டையால் இறுக்கிக் கட்டும் மனிதரை நின்று பார்த்துக்கொண்டே இருப்பேன்.