பழகிய கண்ணும் புதிய துறையும்

பத்துமலைத் தைப்பூச நிழற்படங்களில் காவடியும் 272 படிகளும் ஆண்டுதோறும் தவறாமல் இடம்பெறுகின்றன. காவடி எடுப்பவரின் முகமோ அவற்றுள் அருகியே காணப்படுகிறது. பழகிய துறையிலேயே நின்றுவிடுவதால் வரும் குறை இது.

இலங்கைக் கலைஞர் லயனல் வெண்ட் (1900–1944) அவ்வாறு நின்றவரல்லர். சட்டமும் பியானோவும் பயின்ற அவர், மனித உருவங்களைப் படமெடுத்ததோடு, பல படங்களை ஒன்றாக இணைத்தும், இருட்டறையில் படத்தின்மேல் இடையே ஒளிபடச் செய்து விளிம்புகளைக் கோடாக்கியும் சோதனை செய்தார். அவற்றுட் சில வெறும் வித்தையாகவே நின்றன என்பது நம் கருத்து. ஆயினும், ஒளியையும் கோட்டையும் தனித்துக் காணும் அப்பயிற்சியின் தெளிவை அவருடைய உருவப் படங்களிலும் காண்கிறோம்.

நம்மவரும் சிறிது காலம் காவடியை விட்டு, பிரிக்பீல்ட்ஸ் பூமாலைகளையோ கிள்ளானின் பழைய கட்டடங்களையோ எடுத்துப் பழகலாம். அசையாப் பொருளில் ஒளியைக் கற்றவர், அடுத்த தைப்பூசத்தில் அந்த முகத்தைக் காணத் தவறமாட்டார்.