கண்ணகி கோட்டத்தில் தேவந்தி

சிலப்பதிகார வஞ்சிக் காண்டம் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் செங்குட்டுவனின் வடதிசைச் செலவையும் இமயத்துக் கல்லையுமே சுற்றி அமைந்துள்ளன. கோட்டம் எழுந்த செய்தி கேட்டு அதனை நாடி வந்த பெண்களின் பயணம் அத்துணைக் கவனம் பெறவில்லை. வாழ்த்துக் காதையில் தேவந்தி, காவற்பெண்டு, அடித்தோழி ஆகிய மூவரும் புகாரினின்று மதுரை வந்து, மாதரி மகள் ஐயையையும் உடன்கொண்டு, வையைக் கரைவழியே சென்று மலைநாட்டை அடைகின்றனர்.

கோட்டம் புகுந்த இவர்கள் வரம் வேண்டவில்லை; அரற்றுகின்றனர். தாயும் மாமியும் இறந்தமை, மாசாத்துவானும் மாநாய்கனும் துறவு பூண்டமை, மாதவியும் மணிமேகலையும் துறந்தமை ஆகியவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லி, 'நீ அறிவாயா' என வினவுகின்றனர். அனைத்தும் அறிந்த தெய்வத்திற்கு ஊர்ச் செய்தி எதற்கு என்னும் ஐயம் எழலாம். இறந்தாரை விளித்து, அவர் சென்றபின் நேர்ந்தவற்றை உரைக்கும் ஒப்பாரி மரபை அறிந்தார்க்கு இவ்வையம் எழாது. பிறர்க்குத் தெய்வமானவள் இவர்களுக்கு இன்னும் தோழியே, காவற்பெண்டிற்கோ அன்னை.

கண்ணகியும் அவ்வாறே மறுமொழி தருகின்றாள். கடவுட்கோலம் செங்குட்டுவனுக்குத் தோன்றினும் விளி தோழியரை நோக்கியே அமைகின்றது. பாண்டியன் தீதிலன் என உரைத்துத் தன்னோடு விளையாட வருமாறு அவள் அழைப்பது அவர்களைத்தான். வரந்தரு காதையிலோ ஆரிய மன்னரும் குடகக் கொங்கரும் மாளுவ வேந்தனும் இலங்கைக் கயவாகுவும் தத்தம் நாட்டிற்கும் எழுந்தருள வேண்டுமென இரக்க, வரம் தந்ததாக ஒரு குரல் மட்டுமே எழுகின்றது. உருவும் இல்லை, உறவுப் பெயரும் இல்லை. இவ்வேறுபாடு தற்செயலானதன்று.

தேவந்தியின் முன்கதையோடு பொருத்தினால் இது மேலும் தெளிவுறும். தீர்த்தமாடச் சென்ற கணவனை மீட்டுத் தருமாறு வேண்டுவாள்போல் பாசண்டச் சாத்தன் கோட்டத்தை நாளும் வழிபட்டு வந்தவள் அவள். கனாத்திறம் உரைத்த காதையில், சோமகுண்டம் சூரியகுண்டம் ஆடிக் காமவேள் கோட்டம் தொழுதால் கணவனோடு இன்புறலாம் என்று அவள் கூற, அது தனக்குப் பெருமையன்று எனக் கண்ணகி மறுத்தாள். கோட்டம் தொழ மறுத்தவளே கோட்டத்துத் தெய்வமாகின்றாள். தொழச் சொன்னவள் அவளைத் தேடி மலையேறுகின்றாள். இம்முரணை இளங்கோவடிகள் எங்கும் விளக்கிக் கூறவில்லை. நாள்தோறும் பூவும் புகையும் இட்டு அத்தெய்வத்திற்குப் பூசனை இயற்றும் பொறுப்பைச் செங்குட்டுவன் தேவந்தியிடமே ஒப்படைக்கின்றான்.